வலை வீசுமுன் வரவேண்டிய இரக்கம்

ஆடி மாதத்து ஹூக்ளி நதியை ஒருமுறை கண்டவர்கள் எளிதில் மறப்பதற்கில்லை. கோடையில் படித்துறையின் கடைசிப் படிக்கும் கீழே ஒதுங்கிக் கிடந்த நீர், இப்போது மேற்படிகளைத் தொட்டு நிற்கும். செம்மண்ணைக் கரைத்தாற்போன்ற அந்த வெள்ளத்தில் ஆகாயத்தாமரைத் திட்டுகளும், வாழைத் தண்டுகளும், எங்கோ மேலே கரை சரிந்தபோது வேரோடு பெயர்ந்த மரங்களும் மிதந்து வரும். ஓடத்தில் செல்வோர் அஞ்சும் காலம் அது. ஆயினும் வங்கத்து மீனவர் ஆண்டு முழுவதும் காத்திருப்பதும் அக்காலத்துக்கே. இலிஷ் என்று வங்காளிகள் உயிரினும் இனிதாகப் போற்றும் ஹில்சா மீன், கடலை விட்டு நதியில் ஏறும் பருவம் அதுவாகும்.

வேலையை நாடிக் கொல்கத்தா வந்து வேரூன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களில் புலால் உண்பவர்களும் உள்ளனர், உண்ணாதவர்களும் உள்ளனர். இருசாராரும் மழைக்காலத்துக் காலை வேளைகளில் லேக் மார்க்கெட் பக்கம் சென்றிருப்போம். மீன் விற்பவர் வெள்ளிபோல் மின்னும் மீனைத் தூக்கிக் காட்டி, அதன் வயிற்றை விரலால் அழுத்தி, "டிம் ஆச்சே" என்று பெருமையுடன் சொல்வதைக் கேட்டிருப்போம். முட்டை இருக்கிறது என்பது அதன் பொருள். வாங்குபவர் முகம் மலர்கிறது. அந்த மலர்ச்சியின்மேல் குற்றம் சாட்டுவது நம் நோக்கமன்று. ஆனால் அவ்விரு சொற்களுள் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது. ஓர் உயிர் தன் இனத்தைப் பெருக்குவதற்காகப் புறப்பட்டு வரும் வழியில், அந்த வருகையையே நமக்கு வாய்ப்பாகக் கொண்டு அதனைப் பிடித்தல் தகுமா?

எளிய விடை ஒன்று உண்டு. ஒரு பெண் இலிஷ் தன் உடலில் 1 லட்சம் முதல் 20 லட்சம் வரை முட்டைகளைச் சுமக்கிறது. இத்துணை வள்ளன்மையுடன் இயற்கை கொடுக்கும்போது ஒரு மீன் குறைந்தால் என்ன என்று கேட்பவர் உளர். இக்கணக்கில் ஒரு பிழை இருக்கிறது. இலிஷ் தன் முட்டைகளைக் காப்பதில்லை. ஓடும் நீரில் விட்டுவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகிறது. முட்டைகளிலும் குஞ்சுகளிலும் மிகப் பெரும்பகுதி அழிந்தே போகும் என்பதனாலேதான் இயற்கை லட்சக்கணக்கில் அளித்திருக்கிறது. முட்டைகளின் இழப்பை அது முன்னரே கணக்கில் வைத்திருக்கிறது. முட்டையிடுமுன் தாய்கள் கூட்டங்கூட்டமாக மறைவதை அது கணக்கில் வைக்கவில்லை. ஆகவே முட்டைகளின் எண்ணிக்கையைச் சொல்லித் தாயின் இழப்பை அற்பமாக்குதல் பொருந்தாது.

இவ்வினா நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் மினசோட்டா, விஸ்கான்சின் மாநிலங்களுக்கு இடையே ஓடும் மிசிசிப்பி நதியிலும் இதே நாடகம் நடைபெறுகிறது. பனி உருகும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் நதி பெருகி, முறிந்த மரங்களையும் கட்டைகளையும் இழுத்துக்கொண்டு பாய்கிறது. அப்போது வால்ஐ, சாகர் என்னும் இரு மீனினங்கள் முட்டையிட இடம் தேடி மேல்நோக்கி நீந்துகின்றன. வெள்ளத்தின் வேகம் தாங்காமல், சாய்ந்த மரத்தின் பின்னும் கரையோரத்துத் தேங்கிய நீரிலும் அவை இளைப்பாறுகின்றன. 1930களில் கப்பல் போக்குவரத்துக்காகக் கட்டப்பட்ட அணைகளின் அடியிலும் தடைபட்டுக் கூடுகின்றன. தூண்டில் வல்லோர் அவ்விடங்களை நன்கறிவர். வெள்ளம் அவர்களுக்குத் தொல்லையாக இருப்பதுபோலவே வழிகாட்டியாகவும் இருக்கிறது. மீன் எங்கே தஞ்சம் புகும் என்பதை அறிந்தவனே அங்குத் திறமையாளன் எனப்படுகிறான்.

அவர்களுள் பலரிடம் ஒரு பண்பு இருக்கிறது. முட்டை நிறைந்த பெரிய பெண் வால்ஐ தூண்டிலில் அகப்பட்டால், முள்ளை மெல்ல நீக்கி அதனை மீண்டும் நீரில் விட்டுவிடுவர். சிறிது நேரம் நீருக்கு வெளியே இருந்தாலும் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கையில் வந்த பொருளை இரக்கத்தால் விட்டுவிடுதல் உயர்ந்ததே. நாமும் இதைப் படித்தபோது, நம் நதியிலும் இவ்வாறு செய்தால் என்ன என்றுதான் முதலில் எண்ணினோம்.

அவ்வெண்ணம் எத்துணை அறியாமை உடையது என்பதை ஒரு முதிய மீனவர் நமக்குக் காட்டினார். 2009ஆம் ஆண்டு ஆடி மாதத்தில், நதிக்கரைச் சிற்றூர் ஒன்றில், நண்பர் ஒருவருடன் அவருடைய டிங்கியில் ஏறிச் சென்றோம். நீரோட்டத்துக்குக் குறுக்கே வலையை விரித்து, ஓடத்தையும் வலையையும் ஓட்டத்தின் போக்கிலேயே மிதக்கவிட்டார். மிதந்து வந்த பெரிய மரக்கிளை ஒன்று வலையில் சிக்கி ஒரு பாகத்தைக் கிழித்துவிட்டது. அதைப் பார்த்து அவர் வாய்திறவாமல் பெருமூச்சு விட்டார். வலையை இழுத்தபோது மூன்று மீன்களே கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் வயிற்றிலிருந்து முட்டைகள் கசிந்துகொண்டிருந்தன.

"காக்கா, இதை நீரில் விட்டுவிடலாகாதா?" என்று கேட்டோம்.

அவர் நம்மைச் சினந்து நோக்கவில்லை. அந்த மீனை நம் கையிலேயே கொடுத்தார். அது அசைவற்றுக் கிடந்தது. "இலிஷ் காற்றுப் பட்டால் இருக்காது, பாபு. வலையில் செவுள் மாட்டியபோதே அதன் கதை முடிந்துவிட்டது. விடுவதென்றால் வலை போடுவதற்கு முன்னால் விட்டிருக்க வேண்டும்" என்றார். சற்று நேரம் கழித்து, "நான் ஒருவன் போடாமலிருந்தால் அடுத்த ஓடத்துக்காரன் போடுவான். என் வீட்டில் அடுப்பு எரியாது, மீனும் பிழைக்காது" என்று சேர்த்துச் சொன்னார்.

அவ்விரு கூற்றுகளும் பல ஆண்டுகளாக நம் உள்ளத்தை விட்டு நீங்கவில்லை. சில தீங்குகள் நிகழ்ந்த பின்னும் திருத்தத்தக்கவை; வால்ஐ மீனைத் திரும்ப விடுவதுபோல. வேறு சில தீங்குகளுக்கு அவ்வாய்ப்பு இல்லை. அங்கே இரக்கம் முன்னரே வந்தாக வேண்டும். முன்னரே வரும் இரக்கம் தனியொருவனுடையதாக இருந்தாலும் பயனில்லை. ஊரார் அனைவரும் கூடி ஒரு காலத்தை வகுத்து ஒதுங்கினாலொழிய அது மீனைச் சென்று அடையாது. தனிமனித இரக்கம் தோற்கும் இடத்தில்தான் நியமம் பிறக்கிறது.

வங்காளிகள் பலருடைய இல்லங்களில், சிறப்பாகக் கிழக்கு வங்கத்திலிருந்து வந்தோரிடையே, இத்தகைய நியமம் ஒன்று வழிவழியாக இருந்து வருகிறது. துர்கா பூசையை அடுத்த முழுநிலா நாளில் வரும் இலக்குமி பூசையோடு அவர்கள் இலிஷ் உண்பதை நிறுத்துவர். பின்னர்ச் சரசுவதி பூசை நாளன்று இணையாக இரு மீன்களை வாங்கி வந்து, மஞ்சளும் குங்குமமும் இட்டு வரவேற்றுச் சமைப்பர். இதனை வகுத்தவர்கள் என்ன கருதினார்களோ, அதன் விளைவு தெளிவானது. அந்த முழுநிலாவை ஒட்டிய நாட்களில்தான் இலிஷ் மிகுதியாக முட்டையிடுகிறது. அடுத்த மாதங்களில் குஞ்சுகள் வளர்ந்து கடலை நோக்கி இறங்குகின்றன. வங்கதேச அரசு இன்று ஆண்டுதோறும் 22 நாட்கள் இலிஷ் பிடிப்பதைத் தடை செய்வதும் ஏறத்தாழ இதே முழுநிலாவை ஒட்டியே. பாட்டிமாரின் நோன்பும் அறிவியலாரின் சட்டமும் ஒரே நிலவின்கீழ்ச் சந்திக்கின்றன.

ஆனால் நோன்பின் சுமை யார் தோளில் விழுகிறது? உண்பவனுக்கு இலிஷ் இல்லையெனில் ரோகு மீன் உண்டு. பிடிப்பவனுக்கு அந்த நாட்களில் வேறு தொழில் ஏது? வங்கதேசத்தில் தடைக்காலத்தில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு அரிசி வழங்குகிறது. குஞ்சு மீன்களைப் பிடிப்பதற்கும் நெடிய தடை உண்டு. அந்நாட்டின் இலிஷ் விளைவு 2002–03இல் சுமார் 2 லட்சம் டன்னாக இருந்தது. 2017–18இல் 5 லட்சம் டன்னைக் கடந்தது. தமிழகத்திலும் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை; மீனவர்க்கு நிவாரணம் அளிக்கப்படுகிறது. மேற்கு வங்க அரசும் 2013இல் ஹூக்ளியின் சில பகுதிகளை இலிஷுக்குரிய காப்பிடங்களாக அறிவித்தது, 23 செ.மீ.க்குக் குறைந்த மீனைப் பிடிப்பதும் விற்பதும் கூடாது என்றது. இவையெல்லாம் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வனவாகும். பிறர் பொருட்டு ஒருவனைப் பட்டினி கிடக்கச் சொல்லுதல் அறமாகாது; அவனுடைய இழப்பில் ஏனையோர் பங்கேற்ற பின்னரே அவனிடம் கட்டுப்பாட்டைக் கோரும் உரிமை பிறக்கிறது.

சட்டம் சொன்ன பின்னும் சந்தைகளில் உள்ளங்கை நீளமுள்ள குஞ்சு இலிஷ் விற்கப்படுவதை நாம் காண்கிறோம். வாங்குவோர் இருப்பதனாலன்றோ விற்போர் இருக்கின்றனர்? உண்பவன் இல்லையெனில் விலைக்குக் கொல்பவனும் இல்லை என்னும் கருத்தைப் புலால் மறுத்தல் அதிகாரத்திலேயே வள்ளுவர் உரைத்துவிட்டார். புலாலை அறவே துறக்க இயலாதவர்களும் அக்கருத்தின் ஒரு பாதியையேனும் ஏற்றல் கூடும். முட்டை மீனையும் குஞ்சு மீனையும் நாம் கேட்டு வாங்காதிருப்பின், அந்த அளவுக்கு ஒரு வலை ஓய்வு பெறும்.

புலால் உண்ணாத அன்பர்கள், இவ்வினா தமக்குரியதன்று என ஒதுங்க எண்ணலாம். அவர்கள் ஃபராக்காவைச் சிறிது நினைத்துப் பார்க்க வேண்டுகிறோம். கொல்கத்தாத் துறைமுகத்தில் மண் படியாமலிருக்கக் கங்கை நீரை ஹூக்ளிக்குத் திருப்பும் பொருட்டுக் கட்டப்பட்ட அந்தத் தடுப்பணை, 1975இல் செயற்படத் தொடங்கியது. அதற்கு முன்னர் இலிஷ் அலகாபாத்தையும் கடந்து, ஆக்ரா வரையிலும் சென்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது அணையின் அடியில் வந்து தடைபடுகிறது. அந்தத் துறைமுகத்தை நம்பி எழுந்த அலுவலகங்களில்தான் நம்மவர் பலர் ஊதியம் பெற்றனர். அவர்களுள் மீனைத் தொடாதவர்களும் இருந்தனர்.

நம் சொந்த ஊர்களின் கதையும் வேறன்று. இதே மீன் தமிழில் உல்லம் எனப்படும். ஒரு காலத்தில் காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாண மீன்துறையினர் கொள்ளிடத்துக் கீழணையில் இதன் முட்டைகளைப் பொரிக்க வைத்துப் பெருக்க முயன்றனர். 1934இல் மேட்டூர் அணை எழுந்த பின்னர், பருவ வெள்ளத்தை நம்பியிருந்த அந்த மீனின் வரவு அருகிப்போயிற்று. அவ்வணையின் நீரில் விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்கள் நாம். அணை கட்டியது தவறென்று நாம் கூறவில்லை. மீன் குறைந்ததற்கு வலைக்காரனை மட்டும் கூண்டில் நிறுத்துவது நேர்மையன்று என்றே கூறுகிறோம்.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்குத் திரும்புவோம். தேவையோடு வரும் உயிரின் தேவையையே நமக்கு வாய்ப்பாக்கிக் கொள்ளலாமா? பசிக்கு உண்ணும் உலகில் ஒருபோதும் கூடாதென்று நம்மால் சொல்ல இயலவில்லை. எல்லையின்றிக் கொள்ளலாம் என்று சொல்லவும் மனம் துணியவில்லை. அந்த எல்லையை வலை வீசுமுன் வகுக்க வேண்டும். அதனால் வரும் இழப்பை உண்பவரும், ஒளியும் நீரும் பெறுபவரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். இதுவே நமக்குப் புலப்படும் விடை.

நாமும் ஏதோ ஒரு தேவையை முன்னிட்டுப் பிறந்த மண்ணை விட்டு இந்நதிக்கரைக்கு வந்து சேர்ந்தவர்கள்தாம். வந்த புதிதில் மொழியறியாமல் நின்றபோது, நம் நிலையறிந்து வீட்டு வாடகையைக் கூட்டியவர்களும் இருந்தனர். திண்ணையில் அமரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தவர்களும் இருந்தனர். அவ்விருவரையும் நாம் இன்னும் மறக்கவில்லை. அடுத்த ஆடியில் நதி மீண்டும் பெருகும். மரங்கள் மிதந்து வரும். சந்தையில் ஒரு கை மீனைத் தூக்கிக் காட்டி, "டிம் ஆச்சே" என்று சொல்லும். அப்போது, சிறிது விலை கூடினாலும் முட்டையில்லாத மீனையே கொடுங்கள் என்று நாம் கேட்கலாம். அந்தச் சிறு சொல்லுக்கும் நதியில் ஒரு பயன் இருக்கும் என்றே நம்புகிறோம்.