யாருக்குப் பேராசை?

1348-ல் இங்கிலாந்துக்குள் பிளேக் புகுந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜனங்கள் மாண்டு போனார்கள். வயலில் இறங்க ஆளில்லை. பிழைத்தவன் கூலியைக் கூட்டிக் கேட்டான். சும்மா விடுவார்களா? 1351-ல் சட்டமே போட்டார்கள்: பிளேக்குக்கு முந்தைய கூலிதான், அதற்கு மேல் கேட்பது பேராசை!

பேராசையா? கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பிற்பாடு ஆலைகள் பெருகிய காலத்தில், நெசவுக்கு ஆள் குவிந்து கூலி சரிந்தது. '1563-ம் வருடச் சட்டப்படி எங்கள் கூலியை நிர்ணயம் பண்ணுங்கள்' என்று பருத்தி நெசவாளர்கள் கெஞ்சினார்கள். பார்லிமென்ட் 1813-ல் அந்தப் பிரிவையே தூக்கிவிட்டது. ஆள் குறைந்தபோது கூட்டிக் கேட்டால் பேராசை. ஆள் மலிந்தபோது குறைத்துக் கொடுத்தால் மட்டும் வியாபாரமா?

அரசாங்கம் ஒதுங்கி நின்றது என்றும் நினைத்துவிடாதீர்கள். 1812-லேயே, காலுறை பின்னும் தறியை உடைத்தால் மரண தண்டனை என்று சட்டம் வந்தாச்சு. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் எதிர்த்துப் பேசிப் பார்த்தார். எடுபடவில்லை.