அவன் நம்மவனாக இருக்கக்கூடாதே!



2017ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. யாங்கூன் மிங்கலாடோன் விமான நிலையத்தின் வெளிவாசலில், இந்தோனேசியப் பயணம் முடிந்து வந்திறங்கிய மூத்த வழக்கறிஞர் ஊ கோ நி தம் பேரக்குழந்தையைக் கையில் ஏந்தி நின்றார். பின்னால் வந்த ஒருவன் அவரைத் தலையில் சுட்டான். ஓடிய கொலைகாரனை வாடகைக் கார் ஓட்டுநர்கள் சிலர் துரத்தினர். அவர்களில் நே வின் என்பவர் அதே துப்பாக்கிக்கு இரையானார். கொலைகாரன் பிடிபட்டான்.

ரங்கூன் என்றே சொல்லிப் பழகிய நம் குடும்பங்களுக்கு அந்த வாசல் அந்நியமானதன்று. ஊர் போய் வரும் ஒவ்வொரு முறையும் மாமாவும் சித்தியும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நம்மை எதிர்பார்த்து நிற்கும் இடம் அது. நே வின் என்ற பெயரும் நமக்குப் பழக்கமானதே. 1964இல் கடைகளை அரசுடைமையாக்கி, நம் பெரியவர்களில் பலரைக் கட்டிய துணியோடு கப்பலேற்றிய தளபதியின் பெயரும் அதுவே. அதே ஒலியுள்ள பெயரோடு, முன்பின் அறியாத ஒருவரைக் கொன்றவனை வெறுங்கையோடு துரத்தி உயிர் விட்டவர் ஒருவர் இருக்கிறார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

அதே நாளில், மிங்கலாடோனில் பொழுது சாய்ந்து பல மணி நேரம் கழித்து, கனடாவின் கியூபெக் நகரப் பள்ளிவாசலில் இரவுத் தொழுகை முடிந்த சிறிது நேரத்தில் ஒருவன் புகுந்து சுட்டதில் ஆறு பேர் மாண்டனர். இரண்டு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. நாம் இங்கே எடுத்துக்கொண்டிருப்பது துப்பாக்கியை அல்ல. துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த பிறகு மக்கள் மனத்தில் எழும் சத்தத்தைத்தான்.

கியூபெக்கில் முதலில் இருவர் பிடிபட்டதாகச் செய்தி வந்தது. அவர்களில் ஒருவர் மொரோக்கோ வம்சாவளியினர் என்ற தகவல் வெளியானதுதான் தாமதம், உலகமே தலையசைத்தது. ‘அதானே பார்த்தோம்’ என்ற தலையசைப்பு அது. அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று அவரையே குற்றவாளிபோல் அறிவித்தது; கனடியப் பிரதமர் அலுவலகம் கேட்டுக்கொண்ட பிறகே அதைத் திரும்பப் பெற்றது. உண்மை என்னவென்றால், அந்த இளைஞர் பள்ளிவாசல் படியில் பனியை அகற்றிக்கொண்டிருந்தவர். சூடு ஓய்ந்ததும் உள்ளே ஓடி அவசர உதவிக்குத் தொலைபேசியில் அழைத்து, குண்டடிபட்டவருக்கு முதலுதவி செய்தவர். கையில் துப்பாக்கியோடு ஒருவர் வருவதைக் கண்டு, கொலைகாரன்தான் திரும்பி வந்துவிட்டான் என்று ஓடினார். வந்தவரோ காவலர். ஓடியதால் ஐயம், ஐயத்தால் கைது. மறுநாள் விடுவிக்கப்பட்டார். காவலர்மீது தமக்கு வருத்தமில்லை, அவர்கள் கடமையைச் செய்தார்கள் என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னார். உண்மையில் சுட்டவன் அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த, அங்கே பெரும்பான்மையான இனத்தைச் சேர்ந்த இளைஞன்.

மிங்கலாடோனில் நடந்தது வேறு விதம். மாண்ட ஊ கோ நி ஓர் இஸ்லாமியர். நாட்டின் அரசியல் சட்டத்தில் இராணுவத்துக்கிருந்த பிடியைத் தளர்த்த வழி தேடியவர். 2016இல் ஆங் சான் சூ கி வகித்த அரச ஆலோசகர் பதவி உருவானதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. செய்தி பரவியதும், இன மத வெறியைத் தூண்டுவோரிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி அரசுத்தலைவர் அலுவலகம் மக்களைக் கேட்டுக்கொண்டது. ஆனால் அதற்குள் கொலையைக் கொண்டாடியவர்களும் கிளம்பிவிட்டனர். விராத்து என்ற பிக்கு கொலைகாரர்களுக்கு முகநூலில் நன்றியே கூறினார். அவ்வாண்டு மார்ச்சில் சங்க மகாசபை அவர் ஓராண்டு பிரசங்கம் செய்யக்கூடாதென்று தடை விதித்தது. காவி உடுத்தியவர் வாயிலிருந்தா இந்தச் சொல் என்று பர்மியப் பௌத்தர்கள் எத்தனையோ பேர் தலைகுனிந்திருப்பார்கள். அவர்கள் தலைகுனிய வேண்டியிருந்ததே, அது நியாயமா? அவர்கள் என்ன செய்தார்கள்?

இந்தக் கேள்விதான் நம் வீட்டுக் கூடத்துக்கும் வருகிறது.

உலகின் எந்த மூலையிலாவது கூட்டத்தில் ஒருவன் சுட்டான் என்று தொலைக்காட்சி சொன்னவுடன் நம் மனத்தில் முதலில் எழுவது என்ன? இறந்தவர்களுக்கான பிரார்த்தனை என்று சொல்ல ஆசைதான். ஆனால் அதற்கும் முன்னால், நெஞ்சுக்குள் யாருக்கும் கேட்காமல், ‘முருகா, அவன் நம்மவனாக இருக்கக்கூடாதே!’ என்ற வேண்டுதல் ஓடிவிடுகிறது. பெயர் வெளிவரும் வரை ஒரு பதைப்பு; வேற்றுப் பெயர் என்றதும் ஒரு பெருமூச்சு. சீக்கியர் வீட்டிலும், இஸ்லாமியர் வீட்டிலும், கொரியர் வீட்டிலும் இதே வேண்டுதல்தான். பிறநாட்டில் சிறுபான்மையாக வாழ்பவர் எல்லோருக்கும் இது பொதுவான இரகசிய மந்திரம்.

அச்சத்தில் பிறந்த வேண்டுதல் என்பதால் அதைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. காலையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நினைத்துப் பெற்றவள் வேண்டுவது அது. ஆயினும் சற்று உரசிப் பார்த்தால் அதன் மறுபக்கம் தெரிகிறது. கொலை நடந்துவிட்டது; கொலைகாரன் ஏதோ ஓர் இனத்தவன்தான். அவன் நம்மவனாக இருக்கக்கூடாது என்றால் வேறொருவர் வீட்டவனாக இருக்கட்டும் என்றுதானே பொருள்? நாளைக் காலையில் பேருந்து நிலையத்தில் முறைப்பார்வை வாங்கப்போவது நம் பிள்ளையாக இல்லாமல் அடுத்த வீட்டுப் பிள்ளையாக இருக்கட்டும் என்று கேட்கிறோம். முறைப்பே கூடாது என்று கேட்பதற்கு நமக்குத் தோன்றுவதில்லை.

2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் 32 பேர் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டவர்களில் ஒருவர் ஈரோடு மாவட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பிறந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன். வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது உயிர் போனது. கொலைகாரன் சிறுவயதிலேயே குடியேறி வளர்ந்த கொரிய மாணவன் என்பது தெரியுமுன், அவன் ஒரு சீனன் என்று ஒரு செய்தித்தாள் பத்தியில் எழுதப்பட்டது. அதற்கும் முன்னால், முதலில் இறந்த பெண்ணின் நண்பர்மீது காவல்துறையின் ஐயம் சென்றது. அவரைத் தேடிக்கொண்டிருந்த இரண்டு மணி நேரத்துக்குள் உண்மைக் கொலைகாரன் வேறு கட்டிடத்துக்குப் போய் லோகநாதன் உள்ளிட்ட முப்பது பேரைக் கொன்றான். தவறான ஐயத்துக்கு விலை உண்டு, அதை ஐயப்பட்டவர்கள் கொடுப்பதில்லை.

கொரியன் என்று தெரிந்ததும் தென்கொரியத் தூதர், மாண்ட 32 பேருக்காகத் தம் மக்கள் 32 நாள் உண்ணாநோன்பு இருக்கலாம் என்று மன்றாடும் குரலில் சொன்னார். அமெரிக்கர் பலர், நீங்கள் எதற்காக மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று வியந்தனர். வியந்தவர்கள் பெரும்பான்மை மக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்களில் ஒருவன் கொலை செய்தால் அவன் பைத்தியக்காரன், தனி ஆள். நம்மில் ஒருவன் செய்தால் அது நம் எல்லோர்மீதும் எழுதப்பட்ட கணக்கு. அந்தத் தூதருக்கு அது தெரிந்திருந்தது.

நம் காப்பியத்திலேயே இதற்கு ஓர் இடம் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை மேடையில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கோவலன் மதுரைக்குப் புதியவன், கையில் சிலம்பு வைத்திருந்தவன். பொற்கொல்லன் ஒருவன் சொன்னான், பாண்டியன் விசாரியாமல் நம்பினான். ஐயத்தால் அந்நியன் ஒருவன் செத்த கதை என்று இதுவரை எல்லோருக்கும் தெரியும். கண்ணகி மதுரையை எரித்தபோதும் முதியோரையும் குழந்தைகளையும் பெண்களையும் நல்லோரையும் விட்டுவிடும்படி தீக்கடவுளுக்குச் சொன்னாள் என்பதும் தெரியும். நூலின் முகப்பிலுள்ள உரைநடைப் பகுதியில் வருவது வேறு. பின்னர் பாண்டிநாட்டில் மழை பொய்த்து நோய் பெருகியபோது, கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டுச் சாந்தி செய்தான். மழை பெய்தது என்கிறது நூல்.

சிலம்பைத் திருடியவன் ஒருவன். செத்தவர் ஆயிரம் பேர். அந்த ஆயிரவரில் எத்தனை பேர் கொற்கையில் தாலிக்குப் பொன் உருக்கிக்கொண்டிருந்தவர்களோ! எரிகிற நெருப்புக்குக்கூடப் பிரித்தறியச் சொன்ன கண்ணகியின் பெயரால், பிரித்தறியாத ஒரு கொலை. நாம் பத்தினி வழிபாடு என்று பெருமைப்படும் கதையின் வாசலிலேயே இது கிடக்கிறது. மழை பெய்தது என்று எழுதப்பட்டிருப்பதுதான் நம்மை மிகவும் உறுத்துகிறது. ஓர் இனத்தை மொத்தமாகத் தண்டித்தால் மனத்துக்குள் ஒரு குளிர்ச்சி வரத்தான் செய்யும் போலிருக்கிறது. அந்தக் குளிர்ச்சியை நீதி என்று நினைத்துக்கொள்கிறோம். ரங்கூனில் 1938ஆம் ஆண்டுக் கலவரத்தில், யாரோ ஒருவர் எழுதிய புத்தகத்துக்காக, அந்தப் புத்தகத்தைக் கண்ணாலும் கண்டிராத இந்தியக் கடைக்காரரும் கூலிக்காரரும் வெட்டுப்பட்டனர். ‘கலா’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லோரும் அடக்கம்.

இப்படிச் சொல்வதால் ஐயமே பாவம் என்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். ஐயப்படாவிட்டால் துப்புத் துலங்குவதெப்படி? தெரிந்து தெளிதல் என்ற அதிகாரத்தில் வள்ளுவர், ஆராயாமல் நம்புவதையும் நம்பியவரிடம் ஐயம் கொள்வதையும் ஒரே துன்பத்தின் இரு வாசல்களாகத்தான் வைக்கிறார். ஊ கோ நி வழக்கையே பாருங்கள். சுட்ட சீ லின்னோடு நிற்கவில்லை மக்களின் ஐயம். அவனை ஏவியது யார் என்று கேட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் முன்னாள் இராணுவ அதிகாரிகளும் இருந்தனர். 2019 பிப்ரவரியில் சீ லின்னுக்கும் இன்னொருவருக்கும் மரணதண்டனையும் வேறு இருவருக்குச் சிறையும் விதிக்கப்பட்டன. ஏற்பாடு செய்தவர் என்று தேடப்பட்ட ஆங் வின் கைங் என்ற முன்னாள் அதிகாரியோ விசாரணைக்குப் பிடிபடவே இல்லை. இங்கே மக்கள் கொண்ட ஐயம் நியாயமானது. ஏனெனில் அது விசாரணை வேண்டும் என்று கேட்கிறது. கோவலன்மேல் விழுந்த ஐயம் விசாரணை வேண்டாம் என்றது.

விசாரணை விரைவாகவும் வெளிப்படையாகவும் நடந்தால் ஊர் அமைதியடையும் என்பதற்கும் ரங்கூனே சாட்சி. 1947 ஜூலை 19இல் தலைமைச் செயலகத்தில் ஆங் சானும் தோழர்களும் சுடப்பட்டு ஒன்பது பேர் மாண்டனர். இந்தியத் தந்தைக்கும் பர்மியத் தாய்க்கும் பிறந்த அமைச்சர் அப்துல் ரசாக்கும் அவருடைய இளம் மெய்க்காவலரும் அவர்களில் அடக்கம். நாடு முழுவதும் வெள்ளையர்மீது சந்தேகம் கொதித்தது. ஆனால் அன்றே தக்கின் நுவிடம் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது, ஊ சோ அன்றே கைதானார், ஆயுதம் கிடைக்கச் செய்த ஆங்கிலேய அதிகாரியும் தண்டனை பெற்றார். வதந்திகள் இன்றும் உண்டு என்றாலும், ஓர் இனத்தின்மேல் ஊர் பாயவில்லை.

இனி நம் வாசலுக்கு வருவோம். 2012 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஓக் கிரீக் குருத்துவாராவில், அடுக்களையில் அன்னதானச் சமையல் நடந்துகொண்டிருந்தபோதே ஒருவன் புகுந்து ஆறு பேரைக் கொன்றான். அது முதல், ஒவ்வொரு துப்பாக்கிச் செய்திக்குப் பின்னும் நம் நிர்வாகக் குழுவில் ஒரே பேச்சு: கதவைப் பூட்டலாமா, காவலாளி வைக்கலாமா, பையைச் சோதிக்கலாமா, புதியவரிடம் பெயர் கேட்கலாமா? குழந்தைகள் தேவாரம் படிக்கும் இடத்தில் இக்கேள்விகளைத் தட்டிக்கழிக்க முடியாது. விழா நாட்களில் காவலாளி வேண்டும் என்பதே நம் கருத்து.

ஆனால் பெயர் கேட்பது என்று வந்தால் யாரிடம் கேட்போம்? வேட்டியும் விபூதியுமாக வருபவரிடம் கேட்கமாட்டோம். நிறம் மாறியவரிடமும், தாடி வைத்தவரிடமும், முக்காடு போட்ட குளிர்ச்சட்டையில் தயங்கி நிற்கும் இளைஞனிடமும் கேட்போம். நம் பிள்ளைகள் விமான நிலையத்தில் தனியே அழைக்கப்படும்போது நமக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. “பயணத்துக்கு முன்னால தாடியை எடுத்துடு தம்பி, எதுக்கு வம்பு” என்று அம்மாக்கள் சொல்லி அனுப்புகிறார்கள். அதே அம்மாக்களும் நாமும் காலணி வைக்கும் இடத்தில் அந்நியரைப் பார்க்கும் பார்வையை அவர் எப்படி உணர்கிறார் என்று கேட்டுப் பார்த்ததில்லை.

தமிழருக்குத் தமிழரே அந்தப் பார்வையைத் தந்த காலமும் உண்டு. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின், தமிழ்நாட்டிலிருந்த ஈழத் தமிழர் அனைவரும் காவல் நிலையத்தில் பதிவு செய்யவேண்டியதாயிற்று. பேச்சு வழக்கைக் கேட்டே வீடு தர மறுத்தவர்கள் இருந்தார்கள். குண்டு வெடித்த இடத்தை வரைபடத்தில்கூடப் பார்த்திராத பாட்டிமாரும் அந்தக் கணக்கில் சேர்ந்தனர். நம் ஆலயத்தில் இரு பக்கத்தாரும் ஒரே பந்தியில் அமர்கிறோம் என்பதால் இதைச் சொல்லாமல் விடலாகாது.

எனவே குழுவின் முன் நாம் வைக்கும் யோசனை இது. பை சோதனை என்றால் தலைவர் பையும் குருக்கள் பையும் உட்பட எல்லோர் பையும். வாசலில் தொண்டர் இருவர் நிற்கட்டும்; வருவோர் அனைவருக்கும், தெரிந்தவர் தெரியாதவர் பாராமல், வணக்கம் சொல்லி ஒரு வார்த்தை பேசட்டும். முகத்தைப் பார்த்து அல்ல, கைகள் என்ன செய்கின்றன என்று பார்த்துப் பழகட்டும். இதற்குச் செலவும் ஆகும், ஆளும் வேண்டும். இளைஞர் பிரிவினர் சிலர் இது போதாது, கதவைப் பூட்டியே வைக்க வேண்டும் என்கிறார்கள். அவர்கள் அச்சத்தையும் நாம் இலேசாக எண்ணவில்லை. அடுத்த பௌர்ணமி பூசைக்குப் பின் அன்னதானக் கூடத்தில் இது பற்றிப் பேசவிருக்கிறோம். வர இயலாதவர்கள் தங்கள் எண்ணத்தைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி அலுவலகப் பெட்டியில் இடலாம்.