2.91

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒன்று. அதில் 1,000 ஓம், 2,000 ஓம் என்று இரண்டு ரெஸிஸ்டர்களைத் தொடராக மாட்டினால், முதலாவதில் 3 வோல்ட், அடுத்ததில் 6. இது பள்ளிக்கூடக் கணக்கு. மீட்டரை வைத்துப் பார்த்தால் 2.91 காட்டுகிறது. பையன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ரெக்கார்டு நோட்டில் 3.00 என்று எழுதுகிறான். முழு மார்க்!

இது பொய்யா, இல்லையா?

'அட, 0.09 வோல்ட்டுக்கெல்லாம் தர்ம விசாரணையா?' என்பீர்கள். இருக்கட்டும். அந்த ரெஸிஸ்டர் பொய் சொல்லவில்லையே! உடம்பில் தங்கநிறக் கோடு போட்டுக்கொண்டு, '5 சதவிகிதம் முன்னேபின்னே இருப்பேன்' என்று முதலிலேயே சொல்லிவிட்டது. அப்படிப் பார்த்தால் 2.8-லிருந்து 3.2 வரை எது வந்தாலும் சரிதான். அச்சு அசலாக 3.00 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பி.காம். வகுப்பில் ஒரு நல்ல விஷயம் சொல்லித் தருவார்கள். ட்ரையல் பேலன்ஸ் இடிக்கிறதா? வித்தியாசத்தை அமுக்காதே. 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' என்று தனியாக எழுதி வை, அப்புறம் தேடு. வித்தியாசத்துக்கும் ஒரு மரியாதை!

சோதனை என்பது, நம் கணக்கை மறுத்துப் பேச உலகத்துக்கு நாம் தரும் வாய்ப்பு. விடையை முடிவு செய்துகொண்டு மீட்டரைத் தொடுகிறவன், பேட்டரி செத்துக் கிடந்தாலும் 3.00 என்றுதான் எழுதுவான். நாளைக்கு அவன் பாலத்துக்கு கான்கிரீட் சோதிப்பான். நம் ரத்தத்தையும் சோதிப்பான்.

பையனைத் திட்டாதீர்கள். 2.91 என்று எழுதிய பக்கத்துப் பெஞ்சுக்காரனுக்கு மார்க்கைக் குறைத்தது யார்?