குஞ்சோடு நிற்கும் விரால்

மழை தொடங்கி ஏரி ஓரத்துப் புல் நீரில் மூழ்கியதும் விரால் பிடிப்பவர்களுக்குப் பருவம் பிறந்துவிடுகிறது. ஏனாத்தூரைச் சுற்றியுள்ள காஞ்சிபுரத்து ஏரிகளுக்கும் இது பொருந்தும். மற்ற மாதங்களில் சேற்றிலும் தாமரைக்கொடியிலும் மறைந்து கிடக்கும் விரால், இந்தச் சமயத்தில் தானே இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆழமில்லாத ஓரத்தில் செடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடுகிறது. மிதக்கும் முட்டைகள் ஓரிரு நாளில் பொரிகின்றன. செம்மஞ்சள் நிறக் குஞ்சுகள் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாக நகரும். மூச்சுக்காக அவை மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவதுபோல நீர் சலசலக்கும். திரளுக்கு அடியில் பெரிய விரால் காவல் நிற்கும். குஞ்சுகளுக்கு நடுவே தவளையையோ ரப்பர் தவளையையோ போட்டு இழுத்தால் அது பசியில்லாவிட்டாலும் பாய்ந்து கவ்வும். குஞ்சைத் தின்ன வந்த எதிரி என்று தாக்குகிறது. அந்தத் தாக்குதலிலேயே முள்ளில் மாட்டிக்கொள்கிறது. மீன் பிடிக்கலாமா கூடாதா என்ற பெரிய கேள்வியை ஒதுக்கி வைப்போம். ஓர் உயிரை, அது தன் குஞ்சைக் காக்கும் குணத்தையே தூண்டிலாக்கிப் பிடிக்கலாமா? கூடாது என்பது என் முடிவு.

கொலையே பாவமென்றால் இதைத் தனியாகப் பேசுவானேன் என்று கேட்கலாம். காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமண மரபு அப்படித்தான் கேட்கும். அதன் பார்வையில் எந்தப் பருவத்து மீனும் கொல்லத்தக்கதல்ல. மழைக்காலத்தில் உயிர்கள் மிதிபடக் கூடாதென்று ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாஸ்ய விரதம் சமணத் துறவிகளுக்கும் உண்டு, ஏனாத்தூரில் பல்கலைக்கழகம் நிறுவிய காஞ்சி மடத்துத் துறவிகளுக்கும் உண்டு. ஆனால் அது துறவிக்கு வகுத்த நெறி. வள்ளுவர் புலால் மறுத்தலையும் கொல்லாமையையும் துறவறவியலில் வைத்தார். அன்புடைமையை இல்லறவியலில் வைத்தார். மீன் உண்ணும் இல்லறத்தானிடம் துறவியின் நோன்பை எதிர்பார்க்க முடியாமல் போகலாம். அன்பை மதிக்கும்படி கேட்க முடியும். சைவமும் மீன் பிடிப்பவரைத் தள்ளிவைக்கவில்லை: நாகைக் கடலில் வலைவீசிய அதிபத்தர் அறுபத்துமூவரில் ஒருவர். மகாபாரதத்தில் மான் உருவில் துணையோடு கூடியிருந்த கிந்தமர் என்ற முனிவர் பாண்டுவின் அம்பில் வீழ்கிறார். வேட்டையாடியதற்காக அவர் பாண்டுவைக் குறை சொல்லவில்லை. அந்த வேளையில் எய்ததற்காகவே சபிக்கிறார். அசோகரின் ஐந்தாம் தூண் சாசனமும் எல்லாக் கொலையையும் தடுக்கவில்லை. சினையாகவோ பாலூட்டிக்கொண்டோ இருக்கும் ஆடு, பன்றிகளையும் ஆறு மாதம் நிரம்பாத குட்டிகளையும் கொல்லக் கூடாதென்கிறது. குறித்த சில நாட்களில் மீனைக் கொல்வதையும் விற்பதையும் தடுக்கிறது. ஆக, கொலையை முழுதும் விலக்காதவர்களும் இனம் பெருகும் வேளைக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இன்றைய சட்டத்திலும் இந்த வரம்பு உண்டு. தமிழகத்தின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. வட அமெரிக்காவில் மஸ்கி என்ற பெரிய வேட்டை மீனுக்குப் பல மாநிலங்களில், முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்த பிறகே பருவம் திறக்கிறது. அவை மீன்வளத்தைக் காக்கும் ஏற்பாடுகள். மஸ்கி முட்டையிட்டதும் விலகிப் போய்விடும். அதற்குக் காவல் காக்கத் தெரியாது. விராலின் கதை வேறு. முட்டை பொரித்த பிறகும் வாரக்கணக்கில் அது குஞ்சுகளோடு நிற்கிறது. அதனால் மீன்வளக் கணக்கு மட்டும் இங்கே போதாது.

அது வெறும் இயல்பூக்கம், அன்பு என்று சொல்லக் கூடாது என்பார்கள். மீனின் மனத்துக்குள் என்ன நடக்கிறது என்று தீர்மானிக்காமலேயே இதற்குப் பதில் சொல்லலாம். சமணம் உயிர்க்கொலையைச் செயலின் இம்சை, எண்ணத்தின் இம்சை என்று பிரிக்கிறது. குஞ்சு இருப்பதைக் கண்டு, காவல் நிற்பதை அறிந்து, அதையே நம்பித் தவளையை எறிகிறவரின் எண்ணத்தைத்தான் நான் பேசுகிறேன். மீனுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறோமே என்பது இன்னொரு வாதம். முள்ளைக் கழற்றிப் படமெடுத்து விடுவதற்குள் காவலற்ற திரளை மற்ற மீன்கள் சும்மா விட்டுவைக்குமா? பட்டு நகரமான காஞ்சிபுரத்துக்கு இதைப் பேச என்ன தகுதி என்ற கேள்வி இவற்றைவிடக் கனமானது. ஆயிரக்கணக்கான கூட்டுப்புழுக்கள் வெந்துதான் ஒரு சேலைக்கு நூல் கிடைக்கிறது. அந்தக் குற்றச்சாட்டை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு தொழிலின் குறை இன்னொன்றுக்கு விலக்கு ஆகாது. அந்தத் தொழிலும் அந்துப்பூச்சி வெளிவந்து முட்டையிடுவதற்கென்று விதைக்கூடுகளை வேகவைக்காமல் ஒதுக்கி வைக்கிறது.

பசி மட்டுமே என்னைத் தயங்கவைக்கிறது. ஏரியை நம்பி அன்றாடம் அடுப்பு மூட்டுகிறவரிடம் கிந்தமர் கதை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் விலையுயர்ந்த தூண்டிலோடும் ரப்பர் தவளையோடும் பொழுதுபோக்காக வருபவருக்கு அந்தக் காரணம் இல்லை. அவர் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம்: சலசலக்கும் திரளைக் கண்டால் தவளையை வேறு பக்கம் எறிவது. வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டமே தடுத்தது. குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிக்கக் கூடாது என்ற ஒரு வரியை ஏரி மீன் குத்தகை ஒப்பந்தத்தில் சேர்ப்பதால் குத்தகைதாரருக்கு நஷ்டமில்லை. சில வாரங்களில் குஞ்சுகள் பிரிந்து போனபின் அதே மீன் அதே ஏரியில்தான் இருக்கும்.