தாதியின் கையிலிருந்து விழுந்த பிள்ளை



யோனத்தானின் மகன் மெபிபோசேத்துக்கு அப்போது வயது 5. தகப்பன் போரில் மாண்ட செய்தி கேட்டு, தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் அவன் விழுந்து இரு கால்களும் முடமாயின. சாமுவேல் இரண்டாம் ஆகமம் அந்தத் தாதியைக் குறைகூறி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அவனுடைய முடம் ஊருக்குத் தெரிந்தது. தலையில் அடிபட்ட பிள்ளையின் முடமோ தெரிவதில்லை. மாமரத்தால் விழுந்தவன் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்தே வீடு வருகிறான், நேர்த்திக்கடனும் தீர்க்கிறோம். சில வருஷங்களின் பின், பாடங்கள் கடினமாகும்போது, படித்தது மனதில் நிற்பதில்லை. சின்னக் காரியத்துக்கும் சீறுகிறான், விரைவில் களைக்கிறான். மூளையின் முன்பகுதி 20 வயதுக்குப் பின்னும் முதிர்ந்துகொண்டிருப்பதால், சிறுவயதில் பட்ட அடி சிலரில் இப்படிப் பிந்தியே வெளிப்படும். சின்னப்பிள்ளைக்குத் தானாகத் தேறிவிடும் என்பது எப்போதும் சரியல்ல. நாமோ விழுந்ததை மறந்து, "சோம்பேறி, குழப்படிகாரன்" என்று பிரம்பை எடுக்கிறோம்.

பிரம்பை வையுங்கள். ஆசிரியரிடம் பழைய விபத்தைச் சொல்லுங்கள். வைத்தியரிடம் மறுபடியும் காட்டுங்கள். பாடத்தைச் சிறிது சிறிதாகக் கொடுத்து, இடையில் இளைப்பாற விடுங்கள். தாய்மாரே, "நான் பார்த்திருந்தால்" என்று உங்களையே வதைக்காதேயுங்கள்.

தாவீது அரசர் மெபிபோசேத்தின் கால்களைக் குணமாக்கவில்லை. தம் பிள்ளைகளில் ஒருவனைப்போல் நாள்தோறும் தம் பந்தியில் அவனை இருத்தினார். அவன் இரு கால்களும் முடமானவன் என்று சொல்லித்தான் அந்த அதிகாரம் முடிகிறது.