நினைவு அழிந்த பின்னும் அதே கைப்பேசிதானா?

அப்டேட் பாதியில் நின்றாலோ, சிஸ்டம் கோப்புகள் பழுதானாலோ, வால்யூம் பட்டன் அமுங்கியபடி ஒட்டிக்கொண்டாலோ ஆண்ட்ராய்டு கைப்பேசி ரெக்கவரி மோடில் சிக்கிக்கொள்ளும். அன்றாட இயங்குதளம் எழ முடியாதபோது உதவுவதற்கென்றே தனியாக வைக்கப்பட்ட சிறு மென்பொருள் அது. பல மாடல்களில் மல்லாந்து கிடக்கும் ரோபோ பொம்மையும் ‘நோ கமாண்ட்’ என்ற வரியும் மட்டுமே திரையில் தெரியும். பவர் பட்டனைப் பிடித்தபடி வால்யூம் அப் பட்டனை ஒருமுறை தட்டினால் மெனு விரியும். முதலில் உறையைக் கழற்றி, பட்டன்கள் தடையின்றி அமுங்கி எழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு சார்ஜ் ஏற்றி ‘ரீபூட்’ கொடுக்க வேண்டும். கேச்சை மட்டும் துடைக்கும் வசதி இருந்தால் அடுத்து அதைச் செய்யலாம். ஐபோனைக் கணினியில் இணைத்து ‘அப்டேட்’ கொடுத்தால் தரவை அழிக்காமலே இயங்குதளத்தை மீண்டும் நிறுவ முயலும். ‘ரீஸ்டோர்’ எல்லாவற்றையும் அழித்துவிடும்.

எதுவும் பலிக்காதபோது மிஞ்சுவது ‘வைப் டேட்டா’. அதை அழுத்தினால் போன் உயிர்த்தெழும். படங்கள், குரல் பதிவுகள், குறிப்புகள் எல்லாம் போய்விடும். பதினைந்து இலக்க ஐஎம்இஐ எண் மாறுவதில்லை, வாரன்டி அட்டையும் செல்லும். அப்படியானால் இது அதே போன்தானா? தத்துவம் மனிதரைப் பற்றி நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது.

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் லாக், 1694இல் தம் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், நினைவோடு தொடரும் உணர்வே ஒருவரை அதே ஆளாக வைக்கிறது என்றார். இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவரின் உடலில் புகுந்தால், அந்த ஆள் இளவரசனே என்பது அவர் வாதம். பேக்கப்பைப் புதுக் கருவியில் இறக்கியதும் ‘என் போன் திரும்பக் கிடைத்துவிட்டது’ என்று சொல்பவர் அறியாமலே லாக்கின் பக்கம் நிற்கிறார். ஆனால் நினைவை மட்டும் நம்பினால், கைக்குழந்தைப் பருவத்தை மறந்த ஒவ்வொருவரும் அந்தக் குழந்தை தாமில்லை என்று சொல்ல நேரும்.

மணிமேகலைக் காப்பியம் இதை இன்னும் ஆழமாகப் பார்க்கிறது. மணிபல்லவத் தீவில் புத்த பீடிகையைக் கண்ட பிறகே, முற்பிறவியில் தான் இராகுலனின் மனைவி இலக்குமி என்பதை மணிமேகலை அறிகிறாள். அந்த இராகுலனே இப்பிறவியில் அவளை நாடி அலையும் உதயகுமாரன். இருவருக்கும் நினைவில்லாத காலத்திலும் பழைய பிணைப்பு வேலை செய்துகொண்டுதான் இருந்தது. நிலையான ஆன்மா இல்லை என்னும் பௌத்தம், நினைவு அறுந்தாலும் வினையின் தொடர்ச்சி அறுவதில்லை என்கிறது.

சைவ சித்தாந்தம் வேறு விடை தருகிறது. நனவிலிருந்து உயிர்ப்படக்கம் வரை ஐந்து அவத்தைகளை, அதாவது உயிரின் நிலைகளை, அது சொல்கிறது. ஆழ்ந்த உறக்கத்தில் புலன், மனம் முதலிய கருவிகள் ஒவ்வொன்றாக ஒடுங்கினாலும் அவற்றைக் கொண்டு அறிந்த உயிர் இருந்தபடி இருக்கிறது. விழித்ததும் அதே ஆள் எழுகிறார்.

ரெக்கவரி மோடை அத்தகைய உறக்கமாக நினைக்கத் தோன்றலாம். ஆனால் ஒப்புமை அங்கேயே முறிந்துவிடுகிறது. உறங்குபவருக்குள் விழிக்க ஒருவர் இருக்கிறார். கைப்பேசிக்குள் யாரும் இல்லை. ரெக்கவரி வழியாக அழித்த ஆண்ட்ராய்டு போன் பழைய கூகுள் கணக்கைக் கேட்பது கருவி எதையோ மறக்காததால் அல்ல. திருட்டைத் தடுக்கப் பொறியாளர்கள் வைத்த பூட்டு அது. அது அதே போனா என்பதை ஐஎம்இஐ எண்ணோ பேக்கப்போ முடிவு செய்வதில்லை, வைத்துப் பழகிய மனிதரே முடிவு செய்கிறார்.

ஆகவே அழிப்பதால் போனுக்கு எந்த நஷ்டமும் இல்லை, நஷ்டம் முழுக்க மனிதருக்கே. மறைந்த தந்தையின் குரல் அந்த ஒரே கருவியில் மட்டும் இருந்திருக்கலாம். இன்றைய போன்களில் தரவு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதால், ரீசெட்டில் அதன் சாவி அழிந்தபின் எந்தக் கடைக்காரராலும் அதை மீட்க முடியாது. பேக்கப் இருக்கிறதா என்று உரிமையாளரிடம் கேட்காமல் ‘வைப் டேட்டா’வைத் தொடுவது, எவ்வளவு அவசரமானாலும், தவறுதான்.