பெயருக்கு முன்னே ஒரு சொல்

மன்னார், மடுப் பக்கத்துத் திருமண அட்டையில் 'கலாநிதி' என்று பெயருக்கு முன்னே தடித்த எழுத்தில் நிற்கும் சொல்லே தமிழகத்தில் 'முனைவர்'. படித்து முடித்துவிட்டார் என்பதே அதன் பொருள் என நாம் எண்ணுவது பெரும் பிழை. தமிழறிஞரான தனிநாயகம் அடிகள் 1930களில் ரோமில் இறையியல் கலாநிதியானவர். அதன் பிறகுதான் வடக்கன்குளத்தில் ஒரு பண்டிதர்முன் மாணவராக அமர்ந்து தமிழை முறையாகக் கற்றார். 1945இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மறுபடி மாணவர். 1957இல் லண்டனில், பழந்தமிழரின் கல்விச் சிந்தனையை ஆராய்ந்து இரண்டாவது கலாநிதிப் பட்டம். முதல் பட்டம் அவருக்குத் தன் அறியாமையின் எல்லையைக் காட்டியது என்றே நான் படிக்கிறேன்.

பட்டமில்லாமலே சாதித்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். உண்டு, அதுவும் இதே மன்னார் வளைகுடாக் கரையில். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளிப்போரிடையே வாழ்ந்த போர்த்துகீசியத் துறவி அன்றீக் அடிகளார், அவர்கள் பேச்சைக் கேட்டுக் கேட்டே தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578இல் கொல்லத்தில் அவருடைய 'தம்பிரான் வணக்கம்' நூல் அச்சேறியது. ஆனால் மறக்கப்பட்டுக் கிடந்த அந்த உழைப்பை உலக அறிஞர்முன் வைத்தவர்களில் ஒருவர் தனிநாயகம் அடிகளே. எந்த ஏடு, எந்த ஆண்டு, எவர் கை என்று ஒவ்வொன்றையும் சான்றோடு உறுதிசெய்யும் பொறுமையை அவருக்குத் தந்தது அந்த ஆய்வுப் பயிற்சிதான்.